வாசகர் கேள்வி பதில்: செயற்கைக் காலோடு ஓடலாமா, கிரிவலம் போகலாமா, பழைய வேலைக்குத் திரும்பலாமா?

விபத்திலோ சர்க்கரை நோயிலோ காலை இழந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். செயற்கை உறுப்பு வல்லுநர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. வயது 22. கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தேன். இரண்டு வருடத்துக்குள் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால், "முதல்ல நடக்கிற வழியப் பாரு" என்கிறார்கள் வீட்டில். செயற்கைக் கால் வர இன்னும் நாளாகுமாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா? (அரியலூர்)

சும்மா இருந்தால்தான் அந்தப் பத்து கிலோமீட்டர் கைநழுவிப் போகும். உங்கள் வயதுக்கு இது அடங்கிய ஆசைதான். இரண்டு வருடம் தாராளம். ஆனால் அந்த ஓட்டத்தின் தலையெழுத்தைக் கட்டிலில் கழியும் இந்த வாரங்கள்தான் எழுதுகின்றன.

முதலில் வீக்கம். எஞ்சிய கால் பகுதியை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். அது வற்றி, அடியில் ஒடுங்கிய வடிவத்துக்கு வந்தால்தான் சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கிண்ணம், சரியாக உட்காரும். அதற்கு நான்கு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு வேண்டும். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு ஆறு அங்குலம். எட்டு என்ற எண்ணைப் போடுவதுபோல் சாய்வாகவே சுற்ற வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றவே கூடாது. வளையமாகச் சுற்றினால் அந்த இடத்தில் ரத்தம் தடைப்பட்டு, அடிப்பகுதி குமிழ்போல் உப்பிவிடும். பிறகு எந்த சாக்கெட்டும் பொருந்தாது. இறுக்கம் அடிநுனியில் அதிகமாகவும், மேலே வரவரக் குறைவாகவும் இருக்க வேண்டும். கட்டை முழங்காலுக்கு மேல்வரை கொண்டுபோய் முடியுங்கள். உலோகக் கிளிப் தோலைக் கீறும், பிளாஸ்திரி போதும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். விண்விண்ணென்று தெறித்தாலோ தோல் நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். குளிக்கும் நேரம் தவிர இரவிலும் கட்டு இருக்கட்டும்.

இரண்டாவது, மூட்டு மடங்கி நின்றுபோவது. நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பாசத்தில் அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார், சுகமாக இருக்கும். சில வாரத்தில் முழங்கால் முழுசாக நீளாது. பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியபடி இறுகிவிட்டால் செயற்கைக் காலை அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி வளைத்துப் பொருத்த வேண்டிவரும்; ஓட்டத்துக்கு அந்தக் கால் உதவாது. ஆகவே தலையணை வேண்டாம். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே ஒரு முக்காலி போட்டு காலை நீட்டி வையுங்கள். காலையும் மாலையும் 20 நிமிடம் குப்புறப் படுங்கள். தலை நல்ல கால் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

மூன்றாவது, பலம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து வினாடி பிடியுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குப்புறப் படுத்து இரு தொடைகளையும் மாறிமாறித் தூக்குவதும் அதே கணக்கு. ஓடும்போது செயற்கைக் காலைப் பின்னுக்குத் தள்ளப்போவது உங்கள் பிட்டத் தசைதான். கணுக்காலும் கெண்டைக்காலும் செய்த வேலை முழுக்க இனி அதன் தலையில். காயம் முழுதாக ஆறியபின் தழும்பை விரலால் அழுத்தி எலும்பின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள், ஐந்து நிமிடம். தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டால் சாக்கெட்டுக்குள் அந்த இடம் கிழியும்.

கக்கத்துக் கட்டையில் நடக்கும்போது எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். கக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொய்ந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து 5 செ.மீ., 10 செ.மீ. தள்ளி தினமும் காலையில் நாடாவால் சுற்றளவு எடுத்துக் குறியுங்கள். இரண்டு வாரம் அளவு அசையாமல் நின்றால், சாக்கெட்டுக்கு அச்சு எடுக்கக் கேட்கலாம்.

என் மகனுக்கு இல்லாத காலின் கட்டைவிரல் எரிகிறதாம். இரவெல்லாம் அழுகிறான். மனசு பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. (விருதுநகர்)

பயப்படாதீர்கள் அம்மா, அவன் மனசு தெளிவாகத்தான் இருக்கிறது. காலை இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த உணர்வு வரும். மூளையில் அந்தக் காலுக்கு என்று இருந்த இடம் அப்படியே இருக்கிறது. செய்தி வராததால் அது தானாகவே வலியைக் கிளப்புகிறது. "இல்லாத காலில் என்ன வலி" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

கண்ணாடி முறையைச் செய்து பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் உலகுக்குச் சொன்ன வழி அது. ஆளுயரக் கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே, நல்ல காலைப் பார்த்தபடி நீளவாக்கில் நிறுத்துங்கள். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். கண்ணாடியில் இரண்டாவது கால் முழுசாகத் தெரியும். நல்ல கால் விரல்களை மெல்ல விரித்து மடக்கும்போது, இல்லாத காலையும் அதேபோல் அசைப்பதாக மனதால் முயல வேண்டும். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். மோதிரம், கொலுசு, பச்சை குத்தியது எதுவும் கண்ணில் பட்டால் மூளை நம்பாது, கழற்றியோ மறைத்தோ வையுங்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்; மருந்துக் கடையில் சாதாரண வலி மாத்திரையாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

செயற்கைக் கால் போட்டு நான்கு மாதம். முதலில் கச்சிதமாக இருந்தது. இப்போது நடந்தால் உள்ளே மேலும் கீழும் ஆடுகிறது, ஸ்டம்ப் நுனி வலிக்கிறது. மட்டமான காலைக் கொடுத்துவிட்டார்களா? (ஓமலூர்)

கால் மட்டமில்லை, உங்கள் ஸ்டம்ப் வற்றியிருக்கிறது. முதல் வருடம் முழுக்க வற்றிக்கொண்டே இருக்கும்; காலைக்கும் மாலைக்குமே வித்தியாசம் தெரியும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு பிளை, மூன்று பிளை, ஐந்து பிளை என்று தடிமன் வாரியாக சாக்ஸ் தருகிறார்கள்.

எத்தனை போட வேண்டும் என்பதை உங்கள் தோலே காட்டும். கால் மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றி, முழங்காலைப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, தொட்டால் கயிறுபோல் தட்டுப்படும் நார் மேல் குறுக்காக ஒரு சிவப்புத் தடம் இருக்க வேண்டும். எடையைத் தாங்க வேண்டிய இடம் அது. தடம் சில்லின் மேலேயே விழுந்திருந்தால் கால் ஆழமாக இறங்கியிருக்கிறது: சாக்ஸைக் கூட்டுங்கள். தடம் இன்னும் கீழே, எலும்பு முடிச்சின் மேல் விழுந்திருந்தால் கால் உள்ளே இறங்கவே இல்லை: குறையுங்கள். ஒவ்வொரு பிளையாகத்தான் மாற்ற வேண்டும். அதிகமாகத் திணித்தால் நுனி அந்தரத்தில் தொங்கி, ரத்தம் தேங்கி, கருநீலமாகத் தடித்துவிடும். பலர் இதைச் சொரசொரப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கழற்றியபின் சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் நல்லது. இருபது நிமிடம் தாண்டியும் இருந்தால் அன்றைக்கு மறுபடி மாட்ட வேண்டாம். பத்துப் பதினைந்து பிளை போட்டும் ஆடினால் புது சாக்கெட்டுக்கு நேரமாகிவிட்டது. முதல் சாக்கெட் சில மாதத்தில் மாறுவது இயல்புதான்.

இன்னொன்றும் பாருங்கள்: செருப்பு. செயற்கைப் பாதம் குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி பொருத்தப்பட்டது. ஷூவோடு பொருத்திவிட்டு வீட்டில் வெறுங்காலில் நடந்தால் குதிகால் தாழ்ந்து, முழங்கால் பின்னுக்கு இழுக்கும். வெறுங்கால் நடை அதிகமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம், வெறுங்காலில் நடக்கவும் குந்தி உட்காரவும் என்றே உருவானது.

எனக்கு வயது 19. பரதம் கற்றவள். கால் போனதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "சுதா சந்திரனைப் பார்" என்கிறார்கள். கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது. எனக்கு எந்த ஆசையும் வரவில்லை. நான் கோழையா? (கும்பகோணம்)

இல்லவே இல்லை. உங்கள் எரிச்சல் நியாயமானது. வருகிறவர்கள் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பரதக் கலைஞர் சுதா சந்திரனின் காலைப் பறித்த விபத்து திருச்சி அருகே நடந்தது 1981இல். ஜெய்ப்பூர் காலோடு மேடையேறியது 1984இல். நடுவே இருந்த ஏறத்தாழ மூன்று வருடத்தை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு அந்த வருடங்களின் தொடக்கம்தான் இப்போது நடக்கிறது.

ஆசை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வராவிட்டால் கவலைப்படவும் வேண்டாம். இந்த வாரத்துக்கு உடம்புக்கு ஒரு வேலை, வெளியுலகுக்கு ஒரு வேலை, இரண்டு போதும். உட்கார்ந்தபடியே அடவுகளுக்குக் கையும் கண்ணும் தாளமும் பிடிப்பது உடம்புக்கு. கூட நடனம் கற்ற தோழி ஒருத்தியை வரச்சொல்லி அரைமணி நேரம் பேசுவது வெளியுலகுக்கு. "நன்றாக வேண்டும்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய், வெள்ளி, நான்கு மணி" என்று எழுதுங்கள். செய்த நாளுக்கு ஒரு கோடு. தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதுதான் பலரைப் படுக்கையில் தள்ளுகிறது: ஸ்டம்ப் புண்ணாகி, ஒரு வாரம் ஓய்வு, மறுபடி சோர்வு. விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

பிற்பாடு மேடை வேண்டும் என்று தோன்றினால், முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியிலிருந்து தொடங்காதீர்கள். செயற்கைக் கணுக்கால் மடங்கும் அளவுக்குத்தான் முழங்காலை முன்னே கொண்டுபோக முடியும். நேராக நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி செயற்கைக் காலில் எடையை ஏற்றி இறக்குவது முதல் பாடம். தட்டடவு அதன்பின். ஓங்கித் தட்டும் அதிர்ச்சியை ஸ்டம்ப் பழகச் சில மாதமாவது ஆகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் அற்றுப்போயிருந்தாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. கால் காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் போலவே இதையும் கவனிக்க வேண்டும்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒன்றரை வருடமாகச் செயற்கைக் காலில் நடக்கிறேன். ஓட்டத்துக்கென்றே செய்யும் வளைந்த செயற்கைப் பாதமான பிளேடு வாங்கலாமா? பாரா போட்டிகளில் எந்தப் பிரிவு? (ஆவடி)

வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைகளைப் பாருங்கள்: அரைமணி நேரம் நிற்காமல் நடந்து, பின் சிவப்பு பத்து நிமிடத்தில் மறைகிறதா, செயற்கைக் காலில் மட்டும் பத்து வினாடி நிற்க முடிகிறதா, நல்ல காலில் பத்து முறை குதிக்க முடிகிறதா, ஒரு படியிலிருந்து செயற்கைக் காலை ஊன்றியபடி மெதுவாக, தொப்பென்று விழாமல் இறங்க முடிகிறதா. ஒன்று தவறினாலும் பிளேடு இப்போது வேண்டாம். பணம் வீண் என்பதைவிட, முதுகும் நல்ல முழங்காலும் போய்விடும்.

நடைக்கான பாதத்தில் ஓடிப் பழகலாமே என்று பலரும் முயல்கிறார்கள். அந்தப் பாதத்தின் உட்கட்டை அதற்கென்று செய்ததில்லை, விரிசல் விடும். பிளேடு கார்பன் இழையால் ஆனது. தானும் ஒரு காலை இழந்தவரான அமெரிக்கர் வான் பிலிப்ஸ் உருவாக்கியது. ஊன்றும்போது அமுங்கி, எழும்பும்போது திருப்பித் தள்ளும். குதிகால் கிடையாது, ஆகவே அதில் சும்மா நிற்பதே சிரமம். அமுங்குவதற்கு இடம் விட்டு, நல்ல காலைவிட இரண்டு மூன்று செ.மீ. உயரமாகவே பொருத்துவார்கள், "நீளமாகிவிட்டது" என்று குறைக்கச் சொல்லாதீர்கள். உடல் எடையைப் பொறுத்து பிளேடின் கடினம் மாறும். மற்றவர் பயன்படுத்தியதை மலிவாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: மெல்லிய ஆளுக்கு அது அமுங்கவே அமுங்காது, கனத்த ஆளுக்கு அடியோடு அமுங்கும்.

விலை லட்சங்களில்தான். ஓட்டத்துக்குத் தனி சாக்கெட் வேண்டும், அதன் செலவு சேர்ந்ததா என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் மைதானத்தில் ஓடிப் பார்க்க விடச்சொல்லுங்கள்.

தொடக்கம் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, எட்டுச் சுற்று. ஒன்றுவிட்ட ஒருநாள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் பெரிய எதிரி வியர்வை. பத்துப் பதினைந்து நிமிடத்தில், ஸ்டம்பில் உறைபோல் மாட்டும் சிலிகான் லைனருக்குள் நீர் கட்டி, கால் வழுக்கத் தொடங்கும். நிறுத்தி, கழற்றி, துடைத்து, மாட்டுங்கள். ஸ்டம்பில் முடி மழிக்காதீர்கள், வேர்க்கால் சீழ் வைக்கும். இரவில் லைனரை மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்துணி எத்தனை பெரிய விஷயம் என்பதற்குச் சேலம் மாரியப்பன் தங்கவேலுவே சாட்சி. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், டோக்கியோவில் மழையில் 1.86 மீட்டரோடு வெள்ளியில் நின்றார். பாதிக்கப்பட்ட காலின் சாக்ஸ் நனைந்துவிட்டதை அவரே காரணமாகச் சொன்னார். 2024 பாரிஸில் வெண்கலமும் வாங்கினார்.

செயற்கைக் காலோடு, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர்களுக்கு ஓட்டத்தில் டி64. முழங்காலுக்கு மேலே ஒரு கால் என்றால் டி63. இரண்டும் கீழே என்றால் டி62. போட்டிக்கு முன் வகைப்பாட்டுக் குழு நேரில் பார்த்துத்தான் உறுதி செய்யும், யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எக்ஸ்ரேவும் கையில் இருக்கட்டும். மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேட்டால் மாநிலப் போட்டி விவரம் கிடைக்கும்.

பிளேடுக்கு வழியில்லை என்றால் நீச்சலை யோசியுங்கள். செயற்கைக் கால் தேவையே இல்லை. தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டோய்ட் 2001இல் ஸ்கூட்டர் விபத்தில் இடது காலை இழந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பாராலிம்பிக்கில் மட்டுமல்ல ஒலிம்பிக்கிலேயே, பத்து கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் 16ஆம் இடம்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் எடுத்தாயிற்று. வயது 58. திருவண்ணாமலை கிரிவலத்தை நடந்தே முடிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அனுப்பலாமா? (செய்யாறு)

அனுப்பலாம், ஆனால் உடனே அல்ல. மாத்திரையை மறந்தாலும் மலையை மறக்காத மனிதருக்கு இது நல்ல மருந்து. 14 கிலோமீட்டர். ஒரு கால் இல்லாதவருக்கு அதே தூரம் நடக்க மற்றவரைவிட அதிக மூச்சு செலவாகும். சர்க்கரையால் கால் போனவர்களுக்கு இன்னும் கூடுதல். இதய மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பின் வாரத்துக்கு ஒருமுறை நீள நடை: இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, புண் இல்லாத வாரத்தில் மட்டும் அரைக் கிலோமீட்டர் கூட்டுங்கள்.

வெறுங்கால் கூடவே கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். மிச்சமிருக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும்; தார்ச் சாலை சுட்டாலும் கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அந்தக் காலும் போனால் என்ன ஆகும் என்பதை அவரிடமே சொல்லுங்கள். பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு, உள்ளே வெள்ளைப் பருத்திச் சாக்ஸ். வெள்ளை எதற்கென்றால், ரத்தமோ நீரோ கசிந்தால் பளிச்சென்று தெரியும்.

பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம், தள்ளுமுள்ளில் விழுவார். சாதாரண நாளில் விடியற்காலை கிளம்புங்கள். வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. இரண்டு லிங்கத்துக்கு ஒருமுறை உட்காரவைத்து, செருப்பையும் செயற்கைக் காலையும் கழற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். கொப்புளம் கண்டால் அந்த இடத்திலேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள். மிச்சத்தை அடுத்த முறை அங்கிருந்து தொடரட்டும். நடையில் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினால் கொடுக்க, பையில் சர்க்கரையோ கற்கண்டோ கட்டாயம்.

அரசுப் போக்குவரத்தில் ஓட்டுநர். விபத்தில் கால் போனது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். வேலையில் இன்னும் மேலே போக நினைத்தவன் நான். (தென் மாவட்டம்)

கையெழுத்துப் போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலைக்கு ஏற்றவராக இல்லையென்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். காலியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான கழகங்களுக்கும் இது பொருந்தும், தனியாருக்குப் பொருந்தாது.

இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப்பணி கேட்டு மனு எழுதுங்கள். ஊனச் சான்றிதழ் நகலை இணையுங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள், இல்லையேல் விரைவுத் தபால். நகல் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. பணிமனைக்குள் உங்களால் செய்ய முடிந்த மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நேரக் காப்பு, பண்டகசாலை, முன்பதிவு. "ஏதாவது கொடுங்கள்" என்ற மனு கிடப்பில் போய்விடும். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள். அதில் இப்போதைய செயற்கைக் காலின் விலையோடு, ஆயுள் முழுக்க அதை மாற்றிக்கொண்டே இருக்க ஆகும் செலவையும் மதிப்பீட்டுக் கடிதத்துடன் கேட்க மறக்காதீர்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான்.

மேலே போவது பற்றி: வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே தொடங்கினார். 1972இல் பத்மஸ்ரீ. தன் தொழிலுக்கு உள்ளேயே அடுத்த வாசலைத் தேடியவர் அவர். உங்களுக்கும் துறைத் தேர்வுகள் எழுத வயது வரம்பு தாண்டவில்லை என்றால், மாற்றுப்பணி உத்தரவு வரும்வரை காத்திராமல் பாடத்திட்டத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.

இடது கால் இல்லை. கார் ஓட்ட உரிமம் கிடைக்குமா? (பொள்ளாச்சி)

கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் காரில் இடது காலுக்கு வேலையே இல்லை, பெரும்பாலும் எந்த மாற்றமும் தேவைப்படாது. வலது கால் இல்லாதவர்களுக்குக் கையால் இயக்கும் பிரேக், ஆக்சிலரேட்டர் பொருத்த வேண்டும். ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம். இப்படி மாற்றம் செய்தால் அதைப் பதிவுச் சான்றில் ஏற்றாமல் ஓட்டாதீர்கள். விபத்தானால் காப்பீடு கைவிட்டுவிடும்.